அச்சத்தை எங்கே வைப்பது?

சென்ற ஆண்டு தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் பங்கைச் சேர்ந்த மின்பணியாளர் ஒருவர் கோவில் வாசலிலேயே தயங்கி நின்றார். வயது 43. ஐ.டி.ஐ.யில் ஈராண்டுப் பயிற்சி முடித்து, ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இருபது ஆண்டுகளாக வயர்மேனாக உழைப்பவர். எண்ணூரிலும் மணலியிலும் எத்தனையோ வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் ஒளி கொடுத்த கைகள் அவருடையவை. அருகில் அழைத்து, என்ன செய்தி என்று கேட்டோம்.

"சாமி, சொந்தமா கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யலாம்னு இருக்கேன். ஆனா ராத்திரியில தூக்கமே வரல. பயமா இருக்கு. இப்படிப் பயப்படறது விசுவாசக் குறைவா சாமி?"

அன்று நாம் உடனே விடை கூறவில்லை. கூற இயலவில்லை என்பதே உண்மை. அஞ்சாதே என்று சொல்வது குருக்களாகிய நமக்கு மிக எளிது. மாதம் பிறந்தால் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திற்கும் கலங்கும் நிலை நமக்கு இல்லை. கரையில் நிற்பவன் நடுக்கடலில் இருப்பவனுக்குத் துணிவைப் போதிப்பது நேர்மையாகுமா? ஆகவே, அடுத்த ஞாயிறன்று துணைவியாருடன் வருமாறு அவரை அனுப்பிவிட்டு, அவர் கேட்ட வினாவை நமக்குள் நாமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டோம். அவ்வினாவை வாசகர்களாகிய உங்கள் முன்னும் வைக்க விழைகிறோம்.

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் நம் கடற்கரைப் பகுதி கூலி உழைப்பால் வளர்ந்த பகுதி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்தே புறப்பட்டது. பின்னர்த் துறைமுகம் விரிந்தது. மோட்டார் வாகனத் தொழிற்சாலை, உரத் தொழிற்சாலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் என ஒவ்வொன்றாக எழுந்தன. ஆலைச் சங்கின் ஓசையே நம் வீடுகளுக்குக் கடிகாரமாக விளங்கிய காலம் ஒன்று இருந்தது. பெண் கொடுக்கும்போது, "பையன் கம்பெனியில் நிரந்தரமா?" என்பதே முதல் கேள்வியாக இருந்தது. கடலுக்குச் சென்ற தந்தையர், தம் மக்களாவது காற்றையும் அலையையும் நம்பாமல் மாதச் சம்பளத்தை நம்பி வாழட்டும் என்று விரும்பினர். அவ்விருப்பத்தைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை.

ஆயினும், அந்த நிரந்தரம் எத்தகையது என்பதை நாம் கண்ணாரக் கண்டுவிட்டோம். 1970-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஒரு தலைமுறையின் நம்பிக்கையாக நின்ற புகைபோக்கிகள் புகையின்றி நின்றன. இன்னும் இயங்கும் ஆலைகளின் வாயில்களிலும், நிரந்தரப் பணியாளரைவிட ஒப்பந்தப் பணியாளரே மிகுதியாக நுழைவதை விடியற்காலைத் திருப்பலிக்கு வருவோர் அன்றாடம் காண்கின்றனர். எனவே, சம்பளத்தில் இருப்பது அச்சமற்ற நிலை, சொந்தத் தொழில் அச்சம் நிறைந்த நிலை என்று பிரித்துப் பேசுவது பொருந்தாது. அச்சம் இரு பக்கத்திலும் இருக்கிறது. ஒன்று பழகிப்போன அச்சம். மற்றது புதிய அச்சம். பழகியதை நாம் பாதுகாப்பு என்று அழைக்கிறோம், அவ்வளவே.

இனி, அச்சம் குற்றமா என்ற கேள்விக்கு வருவோம். இதற்கான விடையின் பாதியை அந்த மின்பணியாளரின் தொழிலே கற்றுத்தருகிறது. மெயினை அணைத்த பின்னரும் டெஸ்டரை வைத்துப் பாராமல் கம்பியைத் தொடாதவரே நல்ல மின்பணியாளர். வீட்டில் ஓடும் 230 வோல்ட் மின்சாரம், தொடுபவர் புதியவரா, இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரா என்று பார்ப்பதில்லை. "பயம் விட்டுப்போச்சுன்னா ஆளே போயிடுவான் சாமி" என்று அவரே பின்னொரு நாள் நம்மிடம் சொன்னார். இதையே வள்ளுவர், அறிவுடைமை என்னும் அதிகாரத்தில், அஞ்சத்தக்கதைக் கண்டு அஞ்சுவது அறிவுடையோர்க்கு உரியது என்று வகுத்துரைத்தார். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், புனித தாமஸ் அக்குவினாசின் போதனை ஒன்று நம்மை வியப்பில் ஆழ்த்தியது. கோழைத்தனத்தைக் குற்றமாகக் காட்டும் அவர், எதற்குமே அஞ்சாதிருத்தலையும் குற்றமாகவே காட்டுகிறார். ஒன்றுக்கும் அஞ்சாதவன் எதன்மீதும் உண்மையான அன்பு இல்லாதவனாக இருக்கக்கூடும், அல்லது தன்னைப் பற்றிப் பொய்யான மதிப்பு கொண்டவனாக இருக்கக்கூடும். ஆகவே துணிவு என்பது அச்சத்தைக் கொன்றுவிடுவது அன்று. அதை அறிவின் ஆளுகைக்குள் கொண்டுவருவதாகும்.

அப்படியாயின், தாலந்துகள் உவமையில் வரும் மூன்றாம் ஊழியனை ஆண்டவர் ஏன் கண்டித்தார்? அவன் தலைவனின் பணத்தைக் களவாடவில்லை, குடித்து அழிக்கவில்லை, சூதாடித் தோற்கவில்லை. ஒரு காசும் குறையாமல் அப்படியே திருப்பித் தந்தான். உலக வழக்கில் அவனை நாணயமானவன் என்றே சொல்வோம். அவன் தன் செயலுக்குக் கூறிய ஒரே காரணம் அச்சம். புனித தாமஸ் இந்த ஊழியனையே எடுத்துக்காட்டாக வைத்துச் சிற்றுள்ளம் என்னும் குறையை விளக்குகிறார். தன் ஆற்றலுக்கு மிஞ்சியதில் இறங்குவது இறுமாப்பு. தன் ஆற்றலுக்கு இயைந்த நற்செயலிலிருந்தும் பின்வாங்குவது சிற்றுள்ளம். இரண்டுமே தன்னைத் தவறாக அளந்துகொள்வதால் விளைபவை. அந்த ஊழியனின் அச்சத்தில் தலைவனின் நன்மைக்கு இடமில்லை; அப்பணத்தால் பயன்பெறக்கூடிய பிறருக்கும் இடமில்லை. தனக்கு என்ன நேருமோ என்ற ஒரே எண்ணம் அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தது.

ஞாயிறன்று கணவனும் மனைவியும் வந்தார்கள். "தம்பி, எதுக்குப் பயம்? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றோம். வீட்டுக் கடன் தவணை, கல்லூரியில் படிக்கும் மகள், வேலை கிடைக்காத மாதங்கள், வேலை முடிந்தும் பணம் வராத மாதங்கள், தோற்றால் பழைய முதலாளியிடமே திரும்பிப்போய் நிற்கும் அவமானம் என்று வரிசையாகச் சொன்னார். இறுதியில் சற்று நிறுத்தி, தாழ்ந்த குரலில் இன்னொன்றையும் சொன்னார்.

"இருபது வருஷமா வேலை என் கை, கையெழுத்து வேற ஆளுது. இனிமே கையெழுத்தும் என்னுது. நான் போட்ட வயரிங்கால ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?"

மின்தொழில் அறியாதவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். ஒரு கட்டடத்தின் வயரிங் வேலை முடிந்ததும், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் அதைச் சோதித்து அறிக்கையில் ஒப்பமிட வேண்டும் என்பது விதி. அந்த உரிமத்தைத் தமிழ்நாட்டில் வழங்குவது கிண்டியிலுள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரும் வயர்மேனும், மெக்கர் முதலான சோதனைக் கருவிகளும் இருந்தால்தான் உரிமம் கிடைக்கும். ஆனால் சோதிக்க வேண்டியவர் கட்டடத்தைக் கண்ணால் காணாமலேயே ஒப்பமிடுவதும், ஒப்பம் விலைக்குக் கிடைப்பதும் இத்தொழிலில் உள்ளோர் அறிந்த நோய்கள். நம் நண்பர் செய்த வேலைகள் பலவற்றிலும் அப்படித்தான் நடந்தது. அதைப் பற்றி அவர் இருபது ஆண்டுகளாகக் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட வேண்டிய பொறுப்பு வேறொருவருடையது என்று இருந்துவிட்டார். தொழிலைத் தனதாக்கிக்கொள்ள எண்ணிய அன்றுதான், முகமறியாத அந்தக் குழந்தை அவருடைய நினைவில் முதன்முதலாக நுழைந்தது.

அவர் கூறிய அச்சங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது என்பது அப்போது நமக்குத் தெளிவாயிற்று. வருவாய் நின்றுபோகுமோ என்ற அச்சம் ஒரு வகை. அதைக் கணக்கால் குறைக்கலாம். அவமானம் நேருமோ என்ற அச்சம் இன்னொரு வகை. அதைத் தாழ்ச்சியால் வெல்லலாம். தன் கைவேலையால் பிறர் உயிருக்குத் தீங்கு வருமோ என்ற அச்சத்தையோ வெல்லவே கூடாது. அதைப் பத்திரமாகக் காக்க வேண்டும். "இந்தக் கடைசிப் பயம் இருக்குதே, அதை மட்டும் என்னைக்கும் விட்டுடாதீங்க" என்றோம். அவர் கேட்ட வினாவிற்கு நாம் தரக்கூடிய விடை அதுவே.

கணக்கைப் பற்றிச் சொன்னோம். கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று போதித்த அதே ஆண்டவர்தான் தாலந்தைப் புதைத்தவனையும் கண்டித்தார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அன்று பங்கு இல்லத்து மேசையில், பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். கருவிகளுக்கு எவ்வளவு, உரிமத்திற்கு எவ்வளவு, இரண்டு உதவியாளர்களின் கூலி எவ்வளவு என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அதுவரை பேசாதிருந்த அவர் துணைவியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பில் பணம் வரலன்னா நம்மால எத்தனை மாசம் தாங்க முடியும்?" அந்தக் கேள்விதான் கோபுரத்தின் அடித்தளம். கையிருப்பைக் கொண்டு மூன்று மாதம் தாங்கலாம் என்று முதலில் கணக்கு வந்தது. ஆறு மாதத்திற்கு ஆகும்வரை சேமித்த பின்னரே வேலையை விடுவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். நாள் வட்டி, கந்துவட்டி எதையும் நெருங்குவதில்லை. வேண்டுமானால் 2015 முதல் ஈடின்றி வழங்கப்பட்டுவரும் முத்ரா கடனுக்கு வங்கியை அணுகுவது என்றும் தீர்மானித்தார்கள். தம் சங்கிலியை அடகு வைக்கலாம் என்றார் அந்த அம்மையார். அவராகச் சொன்னார், அது வேறு. ஆனால் எத்தனை வீடுகளில் கேட்காமலேயே அது கழற்றப்படுகிறது! கணவனின் துணிவுக்கு மனைவியின் கழுத்து விலை கொடுக்குமாயின், முடிவில் அவளுக்குச் சரிபாதி இடம் உண்டு.

தொழில் தொடங்க விரும்புவோர்க்கு வெற்றி பெற்றவர்களின் வரலாற்றைச் சொல்லி ஊக்குவிப்பது வழக்கம். நம் வட்டாரத்திலேயே அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. கே.எம். மாம்மன் மாப்பிள்ளையின் குடும்பத்தார் நடத்திய வங்கி 1938-இல் முறிந்தது. தந்தையார் சிறை சென்றார். செல்வத்தில் பிறந்த இளைஞர் வறுமையைக் கண்டார். அவரே 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்கும் இரப்பரைச் செய்து, 1961-இல் டயர்த் தொழிலில் இறங்கி, எம்.ஆர்.எஃப். என்னும் பெரும் நிறுவனமாக அதை வளர்த்தார். அந்தக் கொட்டகையை நினைக்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதே திருவொற்றியூர்ச் சாலையில், தொடங்கிய வேகத்தில் மூடப்பட்ட கொட்டகைகளும் இருந்திருக்கும் அல்லவா? அவற்றின் வரலாற்றை எவரும் எழுதுவதில்லை. வென்றவனின் துணிவைப் புகழ்கிறோம். அதே துணிவுடன் இறங்கித் தோற்றவனை மூடன் என்கிறோம். முடிவை வைத்துச் செயலின் நன்மையை அளப்பது சந்தைக்குப் பொருந்தலாம். அறநெறிக்குப் பொருந்தாது.

உவமையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். ஐந்தைப் பெற்றவன் ஐந்தை ஈட்டினான்; இரண்டைப் பெற்றவன் இரண்டை ஈட்டினான்; ஒன்றைப் பெற்றவன் புதைத்தான். நேர்மையாக வாணிகம் செய்து அனைத்தையும் இழந்த நான்காம் ஊழியன் ஒருவன் அங்கே இல்லை. அவன் வந்திருந்தால் தலைவன் என்ன சொல்லியிருப்பான்? நற்செய்தி அதைச் சொல்லவில்லை. அந்த இடத்தை நிரப்புகிறவர்கள் நாம்தாம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் நான்காம் ஊழியனை நாம் நேரில் சந்தித்திருக்கிறோம். அவனிடம் நடந்துகொண்ட விதத்தை இன்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு பங்கில் பணியாற்றியபோது, அவ்வூர் இளைஞன் ஒருவன் புதிதாகச் சொந்தத்தில் மின்வேலை எடுத்துச் செய்யத் தொடங்கியிருந்தான். கொடியேற்றம் முதல் தேர்பவனி வரை பத்து நாள்களுக்கும் கோவில் விளக்கு அலங்காரத்தை அவனிடம் ஒப்படைத்தோம். சீரியல் விளக்குகளை வாடகைக்கு எடுத்து, இரவுபகலாக நின்று, குறையின்றிச் செய்து முடித்தான். பணத்திற்கு வந்தபோது, நன்கொடைக் கணக்கு முடியட்டும் என்றோம். அடுத்த வாரம் என்றோம். அடுத்த மாதம் என்றோம். நான்கு மாதங்கள் கடந்தன. விளக்கு வாடகைக்காக அவன் வட்டிக்கு வாங்கினான் என்பது பின்னரே நமக்குத் தெரியவந்தது. ஓராண்டுக்குள் தொழிலைக் கைவிட்டு, ஒரு நிறுவனத்தில் கூலிக்குச் சேர்ந்துவிட்டான். பங்குப் பேரவைக் கூட்டத்தில் அவன் பேச்சு எழுந்தபோது, "பையனுக்குத் துணிச்சல் போதாது" என்று சொன்னவர் வேறு யாருமல்லர், நாமே. உழைத்தவனின் கூலியை நிறுத்திவைத்தால் அக்கூலியே கூக்குரலிடும் என்னும் யாக்கோபின் எச்சரிக்கையை அதே பீடத்திலிருந்து விளக்கியவரும் நாமே. அவனிடம் துணிவு குறைவுபடவில்லை. நம்மிடம் நீதி குறைவுபட்டது.

ஒருவன் சொந்தக் காலில் நிற்பது அவனுடைய தனிப்பட்ட வீரத்தால் மட்டும் நிகழ்வதன்று என்பதை அன்று நாம் உணரவில்லை. 1987-இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், பொருளாதாரத் துறையில் தாமே முன்வந்து தொழில் முயற்சியில் இறங்கும் உரிமையைத் தனிமனிதனுக்கும் பொதுநன்மைக்கும் இன்றியமையாததாகக் குறிப்பிட்டார். உரிமை என்று ஒன்று இருந்தால், அதற்கு எதிரே கடமை என்று ஒன்றும் இருக்க வேண்டும். அக்கடமை அரசுக்கும் வங்கிக்கும் மட்டும் உரியதா? வேலை வாங்கிய நம் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு உண்டு. பேசிய தொகையைப் பேசிய நாளில் கொடுப்பது, பாதி வேலையில் விலையைக் குறைக்காதிருப்பது, தோற்றுத் திரும்பியவனைக் கேலி பேசாதிருப்பது ஆகிய மூன்றும் பெரிய புண்ணியங்கள் அல்ல, எளிய நீதி. இவை இருக்கும் ஊரில் சாதாரண மனிதனும் துணிவான். இவை இல்லாத ஊரில் வீரனும் மண்வெட்டியைத் தேடுவான்.

நம் நண்பர் எட்டு மாதம் சேமித்தார். மேற்பார்வையாளர் தகுதிச் சான்றுடைய ஒருவரைச் சேர்த்துக்கொண்டு உரிமம் பெற்றார். இரண்டு இளைஞர்கள் அவரிடம் உதவியாளர்களாக உள்ளனர். முதல் சோதனை எர்ணாவூரில் வந்தது. வீடு கட்டிய ஒருவர், எர்த்துக்குக் குழி வெட்டுவது வீண்செலவு, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கம்பியைச் சும்மா மண்ணில் செருகிவிட்டால் யாருக்குத் தெரியும் என்றார். பச்சை நிற எர்த் கம்பியின் இயல்பு அது. பேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் விளக்கெரிக்க, மின்விசிறி சுழற்ற அன்றாடம் உழைக்கும். எர்த் கம்பியோ ஆண்டுக்கணக்கில் ஒரு வேலையும் செய்யாததுபோல் கிடக்கும். என்றேனும் ஒருநாள் குளிர்பதனப் பெட்டியின் உடலில் மின்சாரம் கசியும்போது, தொடுகிற கைக்குப் பதிலாக மண்ணுக்கு அதை வழிநடத்துவது அந்தக் கம்பிதான். கடற்காற்றின் உப்பு இரும்பை அரிக்கும் நம் பகுதியில் அதை இன்னும் கவனமாகப் போட வேண்டும். நண்பர் மறுத்தார். கசிவு 30 மில்லியாம்பியரை எட்டுமுன்னரே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியையும் பொருத்தியே ஆகவேண்டும் என்றார். வேலை கைநழுவியது. அம்மாதம் சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் உதவியாளர்களுக்குக் கூலி கொடுத்தார். ஆறு மாதக் கையிருப்பு எதற்கு என்பதன் பொருள் அவருக்கு அன்று முழுமையாக விளங்கியது. பட்டினிக்கு அஞ்சுகிறவன் பொய்க் கையெழுத்துப் போடுவான். பட்டினியின் அச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டு ஒதுக்கியவனால்தான் உண்மையான அச்சத்திற்குத் தன் உள்ளத்தில் இடம் கொடுக்க முடியும்.

அவர் தொழில் செழிக்குமா, நலியுமா என்பது நமக்குத் தெரியாது. அவரைத் தொடங்கு என்றும் நாம் சொல்லவில்லை. தொடங்காதே என்றும் சொல்லவில்லை. நான்காம் ஊழியனாக என்றேனும் அவர் வந்து நின்றால், பங்குச் சமூகமாக நாம் அவரை எப்படி வரவேற்போம் என்பதே நம்மை உறுத்தும் கேள்வி. அன்புள்ள வாசகர்களே, இதை வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டில் வேலை செய்த மின்பணியாளருக்கோ, கொத்தனாருக்கோ, குழாய் வேலைக்காரருக்கோ பாக்கி ஏதேனும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இருந்தால், வரும் ஞாயிறு காணிக்கை போடுமுன் அதைத் தீர்த்துவிடுங்கள்.

அண்மையில் ஒரு நாள், காலைத் திருப்பலிக்குப் பின் அவரைக் கண்டோம். கண்கள் சிவந்திருந்தன. இன்னும் தூக்கம் வரவில்லையா என்று கேட்டோம். முந்திய நாள் ஒரு வீட்டின் சோதனை அறிக்கையில் தம் பெயரில் முதன்முதலாக ஒப்பமிட்டிருக்கிறார்.

"கையெழுத்துப் போட்டுட்டு வந்து படுத்தேன் சாமி. எர்த் சரியா அளந்தோமான்னு ஒரே யோசனை. விடிஞ்சதும் போய் மறுபடியும் அளந்து பாத்துட்டுத்தான் பூசைக்கு வந்தேன்."

"சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் சாமி இருந்துச்சு."